கொக்கி இல்லாத வாடிக்கையாளர்

அன்றைக்குக் காலையில் கடையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: முதலாளி ஷரீஃப், கடலுக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற நுவன் அய்யா, ஜெர்மன்காரப் புருஷன் பெண்சாதி இரண்டு பேர், சீனத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், இத்தாலியிலிருந்து தனியாக வந்திருந்த வயதானவர் ஒருவர், பிறகு நான். படகு கட்டுகிற ஜெட்டியில் நின்ற வங்காளத்துப் படகோட்டியையும் சேர்த்தால் ஒன்பது பேர். இப்படி எண்ணிச் சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மாலைதீவில் ஒரு சின்னத் தீவு. கடலுக்கு அடியில் போய் மீன் பார்க்க வருகிறவர்களுக்குச் சாமான் விற்கிற, வாடகைக்குக் கொடுக்கிற கடையில் எனக்கு வேலை. வந்த புதிதில் ஒன்றைப் பார்த்து மிரண்டுபோனேன். வெள்ளைக்காரர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கிய மாஸ்க் கண்ணாடிக்குள் தூ என்று எச்சிலைத் துப்பி, விரலால் தேய்த்து, அதையே முகத்தில் மாட்டிக்கொள்வார்கள். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்கத்தானாம். எங்கள் பக்கத்தில் தண்ணீர் வருகிறது என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இங்கே காசு கொடுத்துத் தண்ணீருக்குள் போகிறார்கள், அதுவும் சிரித்துக்கொண்டு. எனக்கு நீந்தத் தெரியாது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு நீச்சல் எங்கே தெரியும்? ஆனால் அவர்கள் போடுகிற ரப்பர் உடுப்பான வெட்சூட்டுகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடத் தெரியும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துப்போகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கடைக்கு வருகிறவர்களுக்கு என்னென்ன பிடிக்கும் என்று முதலாளி ஒருநாள் கேட்டார், புதிதாகச் சாமான் இறக்குவதற்காக. பவர் கண்ணாடி போட்ட மாஸ்க் கேட்கிறார்கள், குமட்டலுக்கு இஞ்சி பிஸ்கட் கேட்கிறார்கள், சுறாப் படம் போட்ட டீசர்ட் கேட்கிறார்கள் என்றேன். மனதில் இருந்த இன்னொன்றைச் சொல்லவில்லை. போனவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு கரையில் ஒரு ஆள் இருப்பதும் அவர்களுக்குப் பிடிக்கும், வாயால் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

அதற்கு எங்கள் கடையில் ஒரு வழி இருந்தது. சுவரில் நம்பர் போட்ட கொக்கிகள். வாடகைச் சாமான் எல்லாம் அதில் தொங்கும். கொக்கி வெறுமையாக இருந்தால் ஆள் கடலில், நிறைந்திருந்தால் ஆள் கரையில். காற்று சிலிண்டர்கள் படகிலேயே இருப்பதால் அவை இந்தக் கணக்கில் வராது. இத்தாலிக்காரரோ எல்லாமே சொந்தமாகக் கொண்டுவந்திருந்தார். அவருக்குக் கொக்கி இல்லை. வாடகைக்கு ஒரு சாமானாவது எடுக்கவைத்தால் அவருக்கும் ஒரு கொக்கி இருக்குமே என்று கேட்டுப் பார்த்தேன்.

"சேர், மாஸ்க்?"

"நோ, நோ. ஐ ஹேவ் ஆல்."

"சேர், டோர்ச்? ஸ்மோல் டோர்ச்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. வியாபாரம் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். என் பயத்தைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. நுவன் அய்யா எங்கள் நாட்டுக் காலி ஊர்க்காரர், எங்களுக்குள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். "பய வெண்ட எப்பா, மல்லி," என்று, அதாவது பயப்படாதே தம்பி என்று, தோளில் தட்டினார். "அந்த ஆள் நீ பிறக்கிறதுக்கு முன்னமே கடலுக்குள்ள போனவர்." படகு போய்விட்டது.

பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார், ஆட்கள் பதில் சொல்லுவார்கள். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு மழைக்காலத்தில், விடிகிற நேரத்தில், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு வெடித்துவிட்டது, மண் சரியப்போகிறது என்று தப்புமேளம் அடித்தார்கள். எல்லோரும் பெரட்டுக்களத்துக்கு ஓடினோம். கணக்கப்பிள்ளை நல்ல மனிதர். நனைந்துகொண்டே, குடையைச் செக்ரோலுக்குப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது. "எல்லாரும் இருக்காங்க," என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அம்மாதான் திடீரென்று கேட்டார், "எங்கண்ணன் எங்க?"

மாமா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனவர். போனபோதே செக்ரோலில் பெயரை வெட்டிவிட்டார்கள். முந்தின நாள் பொழுதுசாயக் காய்ச்சலோடு வந்திருந்தார். பிள்ளைகளுக்குத் தொற்றக் கூடாதென்று லயத்தின் கடைசியில் பூட்டிக் கிடந்த காம்பராவில் தனியாகப் படுத்திருந்தார். வேறு யாராவது எழுப்பியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஆம்பிளைகள் ஓடினார்கள். பாதி வழியில் மேடு சரிந்து விழுகிற அந்தச் சத்தம் கேட்டது. அதை எழுதத் தெரியவில்லை. மாமாவை மத்தியானம்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். கணக்கப்பிள்ளை சேற்றில் உட்கார்ந்து, "கேட்டிருக்கணும், கேட்டிருக்கணும்," என்று தலையில் அடித்துக்கொண்டார். ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. பெயர் இல்லாதவரை எப்படிக் கூப்பிடுவது?

இத்தாலிக்காரர் கடலுக்குப் போன அன்றைக்குத் திரும்புகிறேன். சீனத்துப் பிள்ளைகள் தலைசுற்றி வாந்தி எடுத்ததால், தண்ணீரில் இறங்காமலே வேறொரு கடையின் படகில் ஏறி முன்னதாக வந்துவிட்டார்கள். மத்தியானம் எங்கள் படகு வந்தது. நுவன் அய்யாவும் ஜெர்மன்காரர்களும் இறங்கினார்கள். சீனத்துப் பிள்ளைகளோடு சேர்த்து நான்கு பேரின் வாடகைச் சாமானையும் அலசி மாட்டினேன். கொக்கி எல்லாம் நிறைந்துவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலாளி சுவரைப் பார்த்துவிட்டு, எல்லாரும் வந்தாச்சு, சாத்து என்றார்.

கதவைச் சாத்தப் போனால் வாசலில் ஒரு ஜோடி தோல் செருப்பு.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். "அய்யா! அந்த வயசானவர் எங்க?"

"முதல்ல வந்த படகுல வந்திட்டாரே, மல்லி."

"இல்லங்க அய்யா, அந்தப் பிள்ளைங்க மட்டும்தான் வந்தாங்க!"

நுவன் அய்யா படகோட்டியிடம் ஓடினார். கடலுக்கடியில் நீரோட்டம் இழுத்து, இத்தாலிக்காரர் மற்றவர்களிடமிருந்து பிரிந்திருக்கிறார். நுவன் அய்யா மேலே வந்து தேடியபோது, நம் ஆட்கள் மற்றப் படகில் போய்விட்டார்கள் என்று படகோட்டி சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது பிள்ளைகளை. இவர் எடுத்துக்கொண்டது கிழவரையும் சேர்த்து.

முதலாளி போனில் கத்தினார். தீவில் இருந்த படகுகள் எல்லாம் கிளம்பின. நீந்தத் தெரியாத நான் அந்தச் செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜெட்டியில் நின்றேன். மழை இறங்கிவிட்டது. கடலும் வானமும் ஒரே சாம்பல். அந்தச் சாம்பலுக்குள் எங்கள் மேட்டின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். முருகா, முருகா என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

ஒரு மீன்பிடிப் படகுதான் அவரைக் கண்டது. ஆரஞ்சு நிறக் காற்றுப்பையை ஊதி உயரப் பிடித்தபடி, குளிரில் விறைத்துப்போய், நெடுந்தூரம் மிதந்து போயிருந்தார். ஜெட்டியில் இறங்கியபோது கால் நிற்கவில்லை. நான் செருப்பை அவர் காலடியில் வைத்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தலையில் கைவைத்து அவர் பாஷையில் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

நுவன் அய்யா மட்டும் மெதுவாக, "இனிமே பயப்படாதேன்னு உன்கிட்டச் சொல்லமாட்டேன், மல்லி," என்றார்.

இரண்டு நாள் கழித்து இத்தாலிக்காரர் மறுபடியும் கடலுக்குப் போக வந்தார்! நான் ஒரு விசிலை எடுத்து நீட்டினேன். "சேர், ரெண்ட். ஒன் டொலர்." இந்த முறை முகம் சுருங்கவில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டார். நான் சுவரில் ஒரு புதுக் கொக்கியை அடித்து, அதை வெறுமையாக விட்டேன். பொழுதோடு விசில் கொக்கிக்கு வந்தது. அப்போதுதான் நான் சோறு சாப்பிட்டேன். காசை நாளைக்குத் தருகிறேன் என்று கைகாட்டிப் போனவர், விடியற்காலை விமானத்துக்கு அவசரமாகப் போய்விட்டார். அதற்குப் பிறகு சொந்தச் சாமானோடு வருகிற எவரையும் விசில் மாட்டாமல் நான் அனுப்புவதில்லை. முதலாளி சிரிப்பார், ஆனால் தடுப்பதில்லை.

போன விடுமுறையில் ஊருக்குப் போனதும், அம்மா கொடுத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் இப்போதைய கணக்கப்பிள்ளையிடம் போனேன். "ஐயா, நான் வந்திருக்கேங்க. ரெண்டு கிழமை இருப்பேங்க."

"என்னடா, பேர் குடுக்க வந்தியா? மாலைதீவுக்காரனுக்கு என்ன வேல போடுறது, மரத்துல பால் வெட்டுறதா?" என்று சிரித்தார். அவருக்கு விளங்கவில்லை. தோட்டத்துச் செக்ரோலில் எனக்குப் பெயர் இல்லை. இங்கே விசா முடிந்தால் இந்தத் தீவிலும் இல்லை. மழை இரண்டு இடத்திலும் பெய்கிறது.

திரும்பி வருகிற அன்று யட்டியாந்தோட்டை பஜாரில், எங்கள் வீட்டுக்குச் சாமான் கொடுக்கிற, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற கடைக்காரரிடம் தேயிலையும் சவர்க்காரமும் வாங்கினேன். "நானா, இத எம்பேர்ல எழுதிக்கங்க."

"டொலர் டொலரா சம்பாரிக்கிறாய், இதுக்குக் கடனா? வெக்கமில்லையா?"

"இருக்கட்டும் நானா. எங்கயாச்சும் ஒரு எடத்துல பேரு இருக்கணும்."

"திரும்பி வராமப் போயிட்டா?"

"அப்ப நீங்க தேடுவீங்கள்ல?"

நானா சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதினார். இத்தாலிக்காரர் இங்கே ஒரு டொலர் தரவேண்டும். நான் அங்கே முந்நூற்று நாற்பது ரூபாய்.