தங்கச்சியின் காருக்குச் சொந்தக்காரி

தங்கச்சியின் கலியாணத்துக்கு ஐயா கார் வாங்கிக் கொடுத்தபோது நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வயிறு எரிகிற வயதைக் கடந்துவிட்டேன் என்றுதான் புத்தூரில் நினைத்திருப்பார்கள். நன்றாகவே எரிந்தது. அந்தக் கறுப்புக் கார் எங்கள் வளவுக்குள் நுழைந்து, என் சீதனமாக வந்த மாட்டு வண்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது நான் அடுப்படிக்குள் போய் இருந்துகொண்டேன். கேட்டவர்களுக்குத் தலையிடி என்று சொன்னேன்.

எனக்கு வாய்த்தவர் பள்ளிக்கூட வாத்தியார். வாத்தியாருக்கு வீடும் வெங்காயத் தோட்டமும் ஒரு வண்டிலும் போதும் என்று ஐயா முடிவு செய்திருந்தார். தங்கச்சிக்கு வந்தவர் டாக்குத்தர். டாக்குத்தர் நடந்து போகக் கூடாதாம். வளவை இரண்டாகப் பிரித்து நடுவில் கிடுகு வேலி அடைத்து, இந்தப் பக்கம் என்னையும் அந்தப் பக்கம் அவளையும் குடிவைத்தார் ஐயா. காலையில் அந்தக் கார் உறுமத் தொடங்கினால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்ப்பேன். தங்கச்சி சேலைத் தலைப்பை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறுகிற விதம் ஒன்று இருந்தது. பிறந்ததிலிருந்து காரிலேயே வளர்ந்தவள் மாதிரி.

அடுத்த வருடம் கடவுள் கண் திறந்தார். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் காருக்கு லைசென்ஸ் இல்லை என்று அரசாங்கம் புதிதாக ஒரு சட்டம் போட்டது. டாக்குத்தர் பட்டணத்துக்குப் போய் இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கண்டார். கார் யாருடையது என்று ஏஜெண்ட் கேட்க, மனைவியுடையது என்று சீதன உறுதியை எடுத்து நீட்டினார். நொத்தாரிசு எழுதிய பத்திரம். முதலில் வீடு, பிறகு கிணற்றில் பங்கு, பிறகு பனங்காணி, எல்லாவற்றுக்கும் கீழே கார். காணியை எழுதுகிற மாதிரியே காரையும் உறுதியில் எழுதிவிட்டால் அது பிள்ளைக்குச் சேர்ந்துவிடும் என்று ஐயா நம்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் காரைப் பதிந்தபோது கொடுத்த கார்ப் புத்தகத்தில் ஐயாவின் பெயர் அசையாமல் இருந்தது. வரி கட்டி லைசென்ஸ் எடுக்கிற அரசாங்கக் கந்தோரான கச்சேரியிலும் கிளாக்கர் உறுதியைத் தொட்டும் பார்க்கவில்லை. புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் சொந்தக்காரர், இன்சூரன்ஸும் அவர் பெயரில்தான் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஐயா ஒரு கையெழுத்து வைத்திருந்தால் முடிந்திருக்கும். அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

“குடுத்த சீதனத்தை என்ரை எண்டு கையெழுத்து வைக்கிறதோ? திருப்பி வாங்கிப் போட்டான் எண்டு ஊர் கதைக்கும்.”

டாக்குத்தருக்கும் அதே ரோசம். சீதனக் காரை மாமனாரின் கார் என்று சொல்லி ஓட்டினால் அவருடைய ஆட்கள் சிரிப்பார்களாம். சரி, பெயரையே மாற்றிவிடுவோம் என்று என் கணவர் கச்சேரிக்குப் போய் அதற்குரிய இங்கிலீசுப் பத்திரத்தை வாங்கிவந்து ஐயாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். விற்றவர் யார், வாங்கியவர் யார், என்ன விலை. விலை என்றதும் ஐயா எழுந்துவிட்டார்.

“பெத்த பிள்ளைக்குச் சீதனத்தை வித்தவன் எண்ட பேரோ எனக்கு? உந்தப் பேப்பரைக் கொண்டுபோய் அடுப்பிலை வை!”

கார் கொட்டிலுக்குள் முடங்கியது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. டாக்குத்தர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்வந்தார். தங்கச்சி கோவிலுக்குப் போக என் வண்டிலைக் கேட்டு வந்தாள். அந்த மாதங்களில் நான் வயிறாரச் சாப்பிட்டேன். நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் அதே கார், அதே கையெழுத்து, அதே விலை. எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அவளுக்கு விக்க வெக்கமெண்டால் எனக்கு வில்லுங்கோவன்” என்றேன். சும்மா குத்திக்காட்டத்தான் சொன்னேன். ஐயா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் யோசித்தார்.

“உது நல்ல யோசனை. மூத்தவளின்ரை சீதனம் எப்பவோ முடிஞ்சுது. அவளுக்கு விக்கிறதிலை ஒரு வெக்கமும் இல்லை. பிறகு அவள் தங்கச்சிக்கு மாத்திக் குடுக்கட்டும்.”

எனக்குச் சுரீர் என்றது. அவளுக்குக் கொடுத்தால் சீதனம், எனக்குக் கொடுத்தால் வியாபாரம். எழும்பிப் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் கொஞ்ச நாளைக்காவது அந்தக் கார் என் பெயரில் இருக்கும் என்ற நினைப்பு வந்ததும், இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

விலை என்ற இடத்தில் என் கணவர் ஏதோ எழுதினார். ஒரு சதமும் கைமாறவில்லை. வாங்கியவர் என்ற இடத்தில் நான் தமிழில் கையெழுத்து வைத்தேன், ஓர் எழுத்தும் விடாமல், மெதுவாக. கார்ப் புத்தகம், இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் என் பெயரில் வந்தன. இனித் தங்கச்சிக்கு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. டாக்குத்தர் போய் விசாரித்தார். பெயர் மாறினால் இன்சூரன்ஸை முதலிலிருந்து எழுத வேண்டுமாம். மறுபடியும் ஏஜெண்ட், மறுபடியும் கச்சேரி. மனிதருக்கு அலுத்துவிட்டது.

“இருக்கட்டும் அக்கா. வீட்டுக்குள்ளைதானே” என்றார் என்னிடம்.

தங்கச்சி சிரித்தாள். “பேப்பரிலை ஆரின்ரை பேர் இருந்தால் என்ன? ஓடுறது நாங்கள்தானே.”

அவள் சொன்னது பொய்யில்லை. இன்சூரன்ஸ் பத்திரம் என் பெட்டிக்குள், கூறைச்சேலைக்கு அடியில் கிடந்தது. கார் அவள் வீட்டுக் கொட்டிலில் நின்றது. முன் சீட்டு அவளுக்கு, பின் சீட்டு அவளுடைய மாமியாருக்கும் மாமியார் வீட்டாருக்கும். அக்காவும் ஏறுங்கோ என்று ஒருநாள், ஒரு பேச்சுக்குக்கூட, அவள் கேட்டதில்லை. நானும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டு ஏறுவதற்கு அது என்ன ஊரார் காரா?

வல்வெட்டித்துறையில் எங்கள் சொந்தத்தில் ஒரு கலியாணம் நடந்தது. நானும் இவரும் பிள்ளைகளும் பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு போனோம். வழியில் பின்னாலிருந்து ஹோர்ன் சத்தம். பஸ் ஒதுங்கி வழிவிட, என் கார் எங்களை முந்திக்கொண்டு போனது. தங்கச்சி ஜன்னலால் கையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளைகள் “சின்னம்மா, சின்னம்மா” என்று கத்தின. எனக்கு அன்று கலியாணச் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பொலிஸ்காரர் வந்தார். டாக்குத்தர் பொழுதுபட்ட பிறகு, பட்டணத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் திருநெல்வேலிச் சந்தியால் பின்விளக்கு எரியாமல் வந்திருக்கிறார். இலக்கத்தைக் குறித்துக்கொண்டவர்கள் சொந்தக்காரரைத் தேடி ஆள் அனுப்பியிருந்தார்கள். பொலிஸ்காரர் கார் நின்ற வீட்டுக்கு முதலில் போனார். நான் வேலிப் பொட்டடியில் நின்றேன்.

“கார் எங்கடைதான்” என்றாள் தங்கச்சி.

“உங்கடை பேர் இதிலை இல்லையே, அம்மா” என்று சொல்லிவிட்டு அவர் கடதாசியிலிருந்த பெயரை உரத்து வாசித்தார். என் பெயர்.

நான் அவர் வரும்வரை காத்திருக்கவில்லை. படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கைக்கு வந்துவிட்டேன். அக்கம்பக்கத்துச் சனம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கார் உங்களுடையதா என்று அவர் கேட்டார்.

“ஓம். என்ரை கார்தான்” என்றேன், ஒழுங்கையின் அந்த முனைக்கும் கேட்கும்படி.

“அப்ப நீங்கள் கோட்டுக்கு வரவேணும், அம்மா.”

“வாறன்” என்றேன்.

தண்டப் பணத்தைத் தானே கட்டுவதாக டாக்குத்தர் வந்து சொன்னார். வழக்கு நாளன்று பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவும் அவரே காரை என் படலைக்குக் கொண்டுவந்தார். நான் கூறைச்சேலை உடுத்திருந்தேன். நீதிமன்றத்துக்கோ கலியாணத்துக்கோ போகிறோம் என்று என் கணவர் பகிடி பண்ணினார். பகிடியைக் காதில் விழுத்தாமல் இவரைப் பின் சீட்டில் ஏறச் சொன்னேன்.

டாக்குத்தர் முன் கதவைத் திறந்து பிடித்தார். “முன்னுக்கு இருங்கோ, அக்கா. சொந்தக்காரி எல்லோ.”

சேலைத் தலைப்பை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு ஏறினேன். கார் புறப்பட்டது. தங்கச்சி தன் படலையில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலால் கையைத் தூக்கிக் காட்டினேன்.