ஒரு டென்மார்க் படத்துக்கு வெற்றிலை வைத்துச் சொன்ன கதை

ஒஸ்லோவில் ஒரு சின்னத் திரையரங்கில் மூன்று நாட்களுக்கு டென்மார்க் படங்கள் என்று கண்டதும் பேர்கனிலிருந்து ரயில் ஏறிவிட்டேன். வசந்தியோடு பார்க்கவேண்டும் என்பதுதான் எண்ணம். அகதியாய் வந்த புதிதில் எங்கள் இருவருக்கும் முகாமில் ஒரே அறை. ரீவியில் டென்மார்க் படம் வந்தால் விடமாட்டோம். வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு கதைக்கிற மாதிரி டென்மார்க்காரர் பேசுவது நொர்வேக்காரருக்கே சரியாக விளங்காது. கீழே ஓடும் எழுத்தைத்தான் எல்லாரும் வாசிப்போம். அந்த ஒரு விஷயத்தில் நாங்களும் அவர்களும் சரிசமம்! பாதி நொர்வேஜிய மொழியை நான் அப்படித்தான் படித்தேன்.

அந்த வசந்தி மூன்று வருடமாக என்னோடு கதைப்பதில்லை. பிழை என்னுடையதுதான். மகனின் கல்யாணத்துக்கு அவளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அவ்வளவு தூரம் போகப் பஞ்சி, வெறும் சோம்பல். எங்கள் ஆட்களில் நெருங்கியவர்களுக்கு வீட்டுக்குப் போய் வெற்றிலைத் தட்டம் நீட்டிச் சொல்லாவிட்டால் சொல்லாத மாதிரித்தான். அவள் வரவில்லை.

காலை 7.59 ரயில், 470 கிலோமீற்றர். முன்கூட்டிப் பதிந்ததால் 499 குரோனர். மலை உச்சியில் மே மாதத்திலும் பனி. பக்கத்து இருக்கைக்காரர் படம் எடுத்துத் தள்ளினார். நான் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். 2.44க்கு ஒஸ்லோ. குறொன்லாண்ட் பக்கத்துத் தமிழ்க் கடையில் வெற்றிலையும் வாழைப்பழமும் குங்குமமும் வாங்கினேன். தட்டம் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். அங்கிருந்து வசந்தி இருக்கும் புருசெத்துக்கு நிலக்கீழ் ரயிலில் இருபது நிமிடம்.

வசந்திதான் கதவைத் திறந்தாள். தட்டத்தை நீட்டினேன்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு ஒரு டென்மார்க் படம். கட்டாயம் வரவேணும்."

"உமக்கென்ன விசரே? படத்துக்கு ஆரும் வெத்திலை வைச்சுச் சொல்லுவினமே?"

"கலியாணத்துக்கு வைக்கேல்லையே. அதுக்கும் சேர்த்துத்தான்."

அவள் தட்டத்திலிருந்த குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தாள்.

"உள்ளை வாரும். சாப்பிட்டனீரே?"

அப்பாடா! அன்றிரவு அவள் வீட்டில்தான் தங்கினேன்.

படத்தில் இரண்டு சகோதரர்கள், விற்கவேண்டிய ஒரு கோடை வீடு, ஓயாத சண்டை. கடைசிவரை ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணன் உருளைக்கிழங்கு அவித்துத் தம்பியின் சாப்பாட்டுக் கோப்பையில் போடுகிறான், அவ்வளவுதான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நாங்கள் இருவரும் அழுதோம்.

விளக்கைப் போட்டதும் வசந்தி கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் தந்தாள். சுற்றியிருந்த தாள் வெளிறிப்போயிருந்தது.

"மகனுக்கு மோதிரம். அப்பவே வாங்கினனான். நீர் வந்து சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

கதவைத் திறந்தாளே, அதற்கே அவளுக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லவேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: ரயில் சீட்டை முன்னதாகவே பதியுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், ரயிலில் விலை அதிகம். படத்துக்குச் சீட்டு 150 குரோனர். ஒஸ்லோவில் உங்களால் மனம் நொந்த ஒருவர் இருந்தால் தொலைபேசியை எடுக்காதீர்கள், நேரே போங்கள். ஆறே முக்கால் மணித்தியாலம்தான். எனக்குத்தான் மூன்று வருடம் எடுத்தது.