அத்தானின் முதுகும் குசினிக் கதவும்

அக்கா வீட்டில் சமைக்கிற குசினியின் கதவு இன்றைக்கும் தலைகீழாகத்தான் நிற்கிறது. உள்ளே, கீழ்ப்பக்கம் இருக்க வேண்டிய கொண்டி வெளியே, மேலே இருக்கிறது. புதிதாக வருகிற எவரும் அதைப் பார்த்தவுடன் தச்சனைத் திட்டுவார்கள். நானும் சேர்ந்து திட்டுவேன். "தச்சன் இவர்தான்" என்று அத்தான் என்னைக் காட்டும்வரை அந்தச் சந்தோஷம் நீடிக்கும்.

சண்டையால் எங்கள் ஊருக்குச் சாமான் வருகிற பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கிடைத்தால் விளக்குக்கு வைப்பதா, இறைப்பு மிசினுக்கு ஊற்றுவதா என்று வீட்டுக்கு வீடு சண்டை. கொக்குவிலில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில், ஆள் மேலே ஏறி மிதிக்க ஓலைப்பட்டையில் தண்ணீர் ஏறும் பழைய துலாவை மறுபடி ஏற்றினோம். அக்காவின் புருஷனான அத்தான் இளமையில் அந்தத் துலாவில் ஏறி மிதித்தவர். இடையில் எத்தனையோ வருடம் மிசின் இறைத்துவிட்டது. துலாவில் நடக்கிற வித்தையைக் கால் மறந்துபோனது. வாய் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "நீ கீழை நிண்டு பட்டையைப் பிடி தம்பி, மிதிக்கிறது நான்" என்று ஏறினார். பனியில் நனைந்த மரம். தலைக்குமேல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று அங்கே இல்லை. கீழே வரம்பில் குந்தினபடி விழுந்து, பிறகு மெல்லச் சரிந்தார்.

"எழுப்பி இருத்துங்கோ, சோடா குடுங்கோ" என்று ஒரே சத்தம். எங்கள் ஊரில் எந்த விபத்துக்கும் அதுதான் முதல் வைத்தியம். பாதை பூட்டிய ஊரில் சோடா ஏது? என்றாலும் நான் சோடா தேடி ஓடினேன். எனக்கு ஓட ஒரு சாட்டு வேண்டியிருந்தது. வெறுங்கையோடு திரும்பியபோது அத்தான் கத்திக்கொண்டிருந்தார்: "ஒருத்தரும் என்னைத் தொடாதையுங்கோ! கால் ரெண்டும் என்ரை இல்லைப்போலை கிடக்கு." செத்த வீட்டிலும் பகிடி விடுகிற எனக்கு அந்த நேரம் ஒரு பகிடியும் வரவில்லை. குசினிக் கதவைக் கழற்றி வந்து, படுத்த நிலை குலையாமல் அவரை அதில் ஏற்றி, மாட்டுவண்டிலில் வைக்கோல் பரப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழிநெடுக அவர் கேட்டது ஒன்றுதான். "கதவை இஞ்சை கொண்டந்திட்டியள், வீட்டுக்கை நாய் பூராதே?" முதுகு முறிந்தவர் நாயை யோசித்துக்கொண்டு வந்தார். முறியாத நான் வண்டிலுக்குப் பின்னால் அழுதுகொண்டு போனேன்.

டொக்டர் எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "துலாக்காரருக்கு விளங்கிறமாதிரிச் சொல்லுறன். துலாவைத் தாங்கிற ஆடுகால் முன்னாலை நொருங்கி, பின்னாலையும் பிளந்தால் துலா நிக்குமோ? கீழ்முதுகிலை ஒரு எலும்பு இப்ப அப்பிடித்தான். ஒரு துண்டு நரம்புப் பக்கம் தள்ளிக்கொண்டு நிக்குது. உலுப்பினால் இன்னும் உள்ளை போகும்." முதுகைத் திறந்து, முறிந்த எலும்புக்கு மேலும் கீழுமாகக் கம்பி பூட்டி நிமிர்த்தி, அந்தத் துண்டை நரம்பிலிருந்து விலக்க வேண்டுமாம். கம்பி ஒரு சோடிதான் கையிருப்பில் இருந்தது. கூட வந்த பெரியப்பா, நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியாரிடம் கொண்டுபோய்ப் பச்சிலைப் புக்கை கட்டலாம் என்றார். "கை காலெண்டால் நானே அனுப்புவன் ஐயா. இது நரம்புக்குப் பக்கத்து முறிவு" என்றார் டொக்டர்.

"நடப்பாரோ?" அக்கா கேட்டாள்.

"பெருவிரல் கொஞ்சம் ஆடுது. அதுதான் எங்களுக்குள்ள நம்பிக்கை. உத்தரவாதம் தரமாட்டன்."

வெட்டாவிட்டால் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். பெரியப்பா மின்விசிறியைப் பார்த்தார். அது கரண்ட் இல்லாமல் எப்போதோ நின்றுவிட்டது. முடிவைச் சொன்னவர் அத்தான்தான். "பிளேன் குண்டு போட வந்தால் நீங்கள் எல்லாரும் பங்கருக்கை ஓடுவியள். நான் மல்லாந்து கிடந்து வானத்தைப் பாக்கிறதோ? வெட்டச் சொல்லு."

ஒப்பரேசன் நேரம் நான் விறாந்தையில் அந்தக் கதவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். வழியில் கிடக்கிறது, எடு என்று நேர்ஸ் சொல்லியிருந்தார். ஒரு வயோதிபர் வந்து, "தம்பி, இதாலை உள்ளை போகலாமோ?" என்று கேட்டார். "இன்னும் திறக்கேல்லை ஐயா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தில் காத்திருந்தார். அப்போது ஒப்பரேசனுக்காக ஓடிக்கொண்டிருந்த ஜெனரேற்றர் நின்றது. உள்ளே அத்தானின் முதுகு திறந்து கிடக்கிறது. நான் கதவை இன்னும் இறுக்கிக் கட்டிப் பிடித்தேன். அது இருமி, செருமி, மறுபடி ஓடத் தொடங்கியதும் அக்கா சொன்னாள்: "கதவை விடடா, சுவரிலை சாத்தினால் அது விழாது." சாத்திவிட்டுக் கையை எடுத்தேன். கதவு விழவில்லை. நான்தான் விழுந்தேன்.

"கம்பி நல்லாய்ப் பிடிச்சிருக்கு. இனிக் கால்தான் சொல்லவேணும்" என்றார் டொக்டர். கால் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தநாளும் பெருவிரல் அசையவில்லை. வீக்கம் வடியட்டும் என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை முறித்து, யாரும் பார்க்காத நேரம் அத்தானின் உள்ளங்காலில் கோடிழுத்தேன். ஒன்றுமில்லை. மற்றக் காலிலும் இழுத்தேன். இன்னொருக்கால் இழுத்தேன்.

"டேய் விசரா, கூசுதடா!"

அக்கா சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க நான் நிற்கவில்லை. அந்த வேகத்தில் கதவைச் சைக்கிளில் கட்டி உருட்டி வந்து வீட்டில் மாட்டிப் பூட்டினேன். உள் எது, வெளி எது, தலை எது, கால் எது என்று யார் பார்த்தது?

மாதங்கள் கழித்து அத்தான் இடுப்புப் பட்டியோடு நடந்து வந்து அந்தக் கதவின் முன்னால் நின்றார். அவர் கையை உயர்த்திக் கொண்டியை ஒருதரம் போட்டார், எடுத்தார். "குனியத் தேவையில்லை" என்றார். அவ்வளவுதான்.

போன மாதம் வீடு திருத்த வந்த தச்சன் அதைக் கழற்றப் போனபோது அத்தான் விடவில்லை. இப்போதும் தோட்டத்துக்குப் போகும்போது, நாய் பூராமல் வெளியே நின்று கொண்டியைப் போட்டுவிட்டு, நெட்டென்று நிமிர்ந்து நடக்கிறார். நான் பின்னால் போகிறேன். அவர் கால் எங்காவது தடக்கினால் என் நெஞ்சு ஜெனரேற்றர்போல் ஒருதரம் நின்றுதான் ஓடுகிறது.

"என்னடா இன்னும் என்ரை காலையே பாக்கிறாய்?" என்றார் இன்றைக்கு, திரும்பாமலே. "கூசும். ஈர்க்கோடை கிட்ட வராதை."