அண்ணன் திறந்து வைத்த சன்னல்

சென்ற ஆண்டு கார்த்திகை 12, வியாழக்கிழமை. அண்ணன் வழக்கம்போல் விடியும் முன் குளித்து, சீருடையைத் தாமே தேய்த்து, நான்கு இட்லி சாப்பிட்டார். "மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு வையி" என்று மதினியிடம் சொல்லிவிட்டு நிலையத்துக்குப் புறப்பட்டார். அதைச் சாப்பிட அவர் வரவில்லை.

அண்ணன் ஆமத்தூரில் பிறந்தவர். அப்பா தவறிய பின் பருத்திக்காட்டில் உழைத்துக்கொண்டே படித்து, தீயணைப்புத் துறையில் சேர்ந்து, நிலைய அலுவலராக உயர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் அவரே. கோபக்காரர், ஆனால் வேலையில் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "அவர் வச்ச ப்ளோயர்தான் தீய ஊதிப் பெருசாக்கி அவரையே கொன்னுருச்சு" என்று நம் உறவில் ஓராண்டாக ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய்.

அன்று காலை திருத்தங்கலில் எங்கள் சித்தப்பா மகனின் அச்சகத்தில் தாள் அறை பற்றிக்கொண்டது. அடுத்த தெருவிலிருந்து நான் ஓடினேன். தீயணைப்பு வண்டியில் வீரர்களுடன் வந்த அண்ணன் முதலில் கட்டடத்தைச் சுற்றிவந்து, தீ இருக்கும் இடத்தைப் பார்த்து, அந்த அறையின் மேற்குச் சன்னலைத் திறந்து வைத்தார். அதன் பிறகே முன்வாசலுக்குச் சற்றுத் தள்ளி, வாசல் முழுவதும் காற்றால் மூடும்படி ப்ளோயர் என்னும் அந்தப் பெரிய விசிறியை வைத்தார். முன்னே காற்று நுழைய, பின்னே புகை வெளியேற வேண்டும். அந்த வழி அடைபட்டால், அனலும் புகையும் உள்ளே இருப்பவர்மேல் திரும்பும்.

சன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகையில் அச்சடித்த காலண்டர் கட்டுகள் இருந்தன.

"அண்ணே, என் சீசன் லோடு பூரா அங்கனதான் கெடக்கு. கரி ஏறுனா எவன் வாங்குவான்? சன்னல மூடிக்கிறேன்" என்றார் சித்தப்பா மகன்.

"நான் வெளிய வார வரைக்கும் அதுல கை வச்சே, ஒடிச்சுப்புடுவேன்லே."

"அம்புட்டும் போயிரும்ணே!"

"ஏலே, லோடு வேணுமா, நான் வேணுமா?"

அண்ணன் சிரித்தபடிதான் கேட்டார். தண்ணீர்க் குழாயுடன் உள்ளே போனார்.

விசிறி ஓடியது. வாசல் தெளிந்து, புகை மேற்கே போனது. திடீரென்று கரும்புகை வாசல் பக்கம் திரும்பி எங்கள் முகத்தில் அடித்தது. வீரர்கள் விசிறியை அணைத்தார்கள். நான் மேற்கே ஓடினேன். சன்னலின் இரும்புக் கதவு வெளிப்பக்கம் தாழிட்டிருந்தது. அதன் முன்னால் சித்தப்பா மகன் நின்றார்.

"ரெண்டே நிமிசம். கட்ட மாத்திட்டுத் தெறந்துருவேன்."

அவரைத் தள்ளிவிட்டுத் தாழை நீக்கினேன். அண்ணனைத் தூக்கி வந்தபோது நினைவில்லை. மாலையில் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். விதி வந்து தாழ்ப்பாள் போடவில்லை.

அனலுக்குள் புகுந்து அண்ணனைத் தூக்கி வந்த வீரர்களுக்கும், கடைசிவரை போராடிய செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனின் ஓராண்டு நினைவுக்காக அச்சிட்ட இம்மலர் சித்தப்பா மகன் வீட்டுக்கும் போகிறது, நன்றி சொல்வதற்காக அல்ல.

மறுநாள் காலை, அண்ணனின் உடல் வீட்டுக்கு வருமுன், சித்தப்பா மகன் முதல் வேலையாகக் கரி படாத அந்தக் காலண்டர் கட்டுகளை லாரியில் ஏற்றி, ஆர்டர் கொடுத்தவருக்கு அனுப்பி வைத்தார்.