நோராவுக்கு ஒரு மேஜை

எங்கள் அடுக்குமாடி கெக் ஹூன் சாப்பாட்டுப் பிரியை. கண் பார்வை முழுசாகப் போனபோதும் அவள் முதலில் கவலைப்பட்டது, இனி காப்பிக்கடைக்கு எப்படிப் போவது என்றுதான். பல வருடம் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தங்கையோ உப்பு, எண்ணெய் எதையும் தொடாதவள். அவள் கூட்டிப்போகிற கடையில் வேகவைத்த கீரையைத் தின்று தின்று இவளுக்கு நாக்கே செத்துவிட்டது.

அப்புறம்தான் ஆஸ்திரேலியாவில் பயிற்சி பெற்ற வழிகாட்டி நாய் நோரா வந்தாள். வெளிர்மஞ்சள் லாப்ரடார். வந்த வாரமே இருவரும் பேருந்தில் ஏறினார்கள், ரயிலில் போனார்கள். சட்டம் இடம் கொடுத்திருந்ததால் யாரும் தடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு காலையில் எங்கள் பிடோக் வட்டாரக் காப்பிக்கடைக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு ரொஹானி அக்காவும் நானும் கூடப் போனோம்.

கடை முதலாளி தியோ வாசலிலேயே மறித்தார்.

"ஆன்ட்டி, நாய் வேணாம்."

"யாரு ஆன்ட்டி? குரலைக் கேட்டா உங்களுக்குத்தான் வயசு அதிகம். இது வழிகாட்டி நாய். சாப்பாட்டுக்கடைக்குள்ள விடலாம்னு சட்டமே இருக்கு."

"விடலாம்னுதானே இருக்கு? விட்டே ஆகணும்னு இல்லையே!"

கெக் ஹூன் வாய்விட்டுச் சிரித்தாள். "அடேயப்பா, நல்லாப் படிச்சு வச்சிருக்கீங்க. சரி, இறால் மீ ஒண்ணு, மிளகாய் தூக்கலா. அந்த மரத்தடிக்குக் கொடுத்தனுப்புங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளுக்கு வரவில்லை. எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நோரா காலடியில் படுத்தாள். ரொஹானி அக்கா உள்ளே மலாய்க் கடையில் மீ ரெபுஸ் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் பரவாயில்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"காஞ்ச நாய்தானே, எங்க மார்க்கத்துல அதுக்குத் தடையில்ல. ஈரம் படாம, நக்காம இருந்தாச் சரி. அவளே என்னைவிட ஒழுங்கா உட்கார்ந்திருக்கா."

கெக் ஹூன் முதல் வாய் நூடுல்ஸை உறிஞ்சிவிட்டு "ஆஹா!" என்று போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. எங்கள் மாடி டாக்சிக்காரர் தன் கிண்ணத்தோடு எழுந்து வந்தார். அவர் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர்கள் பலகையோடு இடம் மாறினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கடைக்குள் மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்க, தியோ காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடையாய் நடந்தார்.

"உடம்புக்கு நல்லது தவுக்கே!" என்று முதலாளியைச் சதுரங்கக்காரர் ஒருவர் வம்பிழுத்தார்.

திடீரென்று மழை கொட்டியது. எல்லாரும் கிண்ணங்களோடு கடைக்குள் ஓடினோம். கெக் ஹூன் மட்டும் கூரை விளிம்பில் நின்றுவிட்டாள். பாதி நனைந்தபடி நோராவும் நின்றாள்.

"உள்ள வாங்க!" என்று கத்தினார் தியோ.

"நோராவுமா?"

"அது இல்லாம உங்களுக்கு மேஜை எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? சீக்கிரம் வாங்க! எனக்கு நாய்னா பயம், அவ்வளவுதான். சின்ன வயசுல ஒண்ணு கடிச்சிருச்சு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! சுவரோர மேஜை கொடுங்க. நோரா அடியில படுத்துக்குவா, உங்க பக்கமே வரமாட்டா."

நோரா கூட்டத்துக்குள் நெளிந்து நெளிந்து அவளைச் சுவரோரம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கடையே கை தட்டியது. ரொஹானி அக்கா மட்டும் காலை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். "இப்ப ஈரமாயிட்டா! ஹூன், உன் மகளை அந்தப் பக்கம் திருப்பு!"

சிரிப்பு அடங்குவதற்குள், யாரோ நோராவின் தலையைத் தடவக் குனிந்தார்.

"தொடாதீங்க!" அதட்டியது தியோ. தூரத்தில், காப்பி அடுப்புக்குப் பின்னால் பத்திரமாக நின்றுகொண்டிருந்தார். "அது வேலையில இருக்கு. கவனத்தைக் கலைக்கக் கூடாது."

"பாருங்க, மீதிச் சட்டமும் தெரிஞ்சிருக்கு," என்றாள் கெக் ஹூன், இன்னொரு கிண்ணம் இறால் மீக்குக் கையைத் தூக்கியபடி.