லீவு கேட்கப் போனவள்

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை, லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது. மயிரிழை கூடினால் உள்ளே போகாது. குறைந்தால் கழன்று விழும். அப்படிப்பட்ட கைக்காரி, கல்யாணமாகி ஆறு வருஷமாக ஒன்றை மட்டும் பொருத்த முடியாமல் அல்லாடினாள்: கருத்தரிக்கத் தன் உடம்பு சொல்லும் நாளையும் புருஷன் வீட்டில் இருக்கும் நாளையும்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எங்கோ ஓர் ஊரில் லிஃப்ட் நின்றுவிட்டால் கம்பெனி அவனை அனுப்பும். போனவன் அந்தத் திசையில் உள்ள கோளாறையெல்லாம் சரிசெய்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மாதத்தில் வீட்டில் தலைகாட்டுவதே சில நாள். அந்தச் சில நாளும் அவளுடைய நாளும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையொன்று தப்பிப் போயின.

குழந்தை இல்லையென்றால் இருவரையும் சோதிக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஆனால் கைக்கு அகப்படுகிறவள் இவள்தானே? ஆகவே ஊசி இவளுக்கு, ஸ்கேன் இவளுக்கு, மாத்திரையும் அது கிளப்பும் வாந்தியும் இவளுக்கு. "உங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். "வந்ததும் பார்த்துக்கலாம்" என்பான் அவன். வருவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். லேப் பூட்டிக் கிடக்கும். முடியாது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மாமியார் போனில் வருவாள்.

"என் பிள்ளை ஊர் ஊரா அலையறான். நீ ஃபேனுக்கு அடியில உட்கார்ந்துதானே வேலை பார்க்கிற? உடம்பைக் கவனிச்சுக்கக் கூடாதா?"

"என் உடம்பு நல்லாத்தான் இருக்கு அத்தை. உங்க பிள்ளையைத்தான் காணோம்."

"இந்த வாய்க்குத்தான் ஒண்ணும் தங்க மாட்டேங்குது."

வாய்க்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நாக்கு துடிக்கும். போனை வைத்துவிடுவாள்.

இந்த மாதம் டாக்டர் ஸ்கேனை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு, "வியாழன், வெள்ளி. விட்டுடாதீங்க. இனிமே இந்த ஊசியை உங்களுக்குப் போட எனக்கு மனசில்ல, உடம்பு தாங்காது" என்றார்.

அன்றே புருஷனுக்குப் போன் செய்தாள்.

"வியாழக்கிழமை இன்னொரு ஊருக்குப் போகணுமே" என்றான் அவன்.

"லீவு கேளுங்க."

"என்னன்னு சொல்லிக் கேட்கிறது?"

அவன் கேட்க மாட்டான் என்று தெரிந்ததும் அவளே கிளம்பிவிட்டாள். கம்பெனி ஆபீஸ் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஒரே கிரீஸ் வாடை. சுவரோரம் இரும்புக் கயிறு வளையம் வளையமாகக் கிடந்தது. டியூட்டி போடுகிறவர் ஓரத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் 'கன்ட்ரோல்' அண்ணன்.

"சொல்லும்மா. யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லண்ணே. அவருக்கு வியாழன், வெள்ளி லீவு வேணும்."

"வீட்ல சாவு ஏதாவது?"

"ஐயையோ, இல்லண்ணே."

"கல்யாணமா?"

"அதெல்லாம் எப்பவோ ஆயிடுச்சு."

"பின்ன என்னதான்மா?"

"குழந்தை விஷயம்ணே. டாக்டர் நாள் குறிச்சுக் கொடுத்திருக்காங்க."

மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேரின் கை நின்றது. அவள் முகம் காந்தியது. செத்தவனை வழியனுப்ப லீவு தருகிற உலகம், ஒரு ஜீவன் வருவதற்கு மட்டும் லீவு தராது. அதைக் கேட்கிறவள் நாலு ஆண்களுக்கு முன்னால் தன் படுக்கையறைக் கதவைத் திறந்து காட்டவேண்டும்.

கன்ட்ரோல் அண்ணன் கெட்டவர் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் லேட்டாத்தான்மா பொண்ணு பொறந்தா. உன் நம்பரைக் கொடுத்துட்டுப் போ, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

சொன்னபடியே பார்த்தார். ஆனால் ஒருவனுக்கு லீவு என்றால் அவன் டியூட்டியை இன்னொருவன் தலையில் கட்டவேண்டும். காரணம் தெரியாமல் எந்த மெக்கானிக்கும் அசைய மாட்டான். எனவே அவர் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குரூப்பில் உள்ளதை உள்ளபடி போட்டார்: 'அவன் சம்சாரம் வந்து அழாத குறையா கேட்டுச்சு. குழந்தைக்காக. யாராவது மாத்திக்கோங்கப்பா.'

ஒருவன் மாற்றிக்கொண்டான். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

வியாழன் காலை வந்தவன் பையைக் கூடத் தோளிலிருந்து இறக்காமல் போனை அவளிடம் நீட்டினான். 'மாப்ள, நிக்காம மேல போகட்டும்.' 'ஓவர்லோடு ஆயிடப் போகுது, பார்த்து.' 'நல்ல சேதி சொல்லலேன்னா திரும்பி வராத.' ஒன்றில்கூட விஷம் இல்லை. எல்லாம் பாசம்தான்.

"ஏன் போன?"

"நீங்க போகல."

பையை இறக்கி வைத்தான். குளித்தான், சாப்பிட்டான். மத்தியானம் அவள் திரையை இழுத்துவிட்டு அருகில் வந்து படுத்தாள். அவன் கை அவள் தோளில் வந்து அப்படியே நின்றது. சற்று நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தான்.

"அத்தனை பேரும் இந்த ரூமுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு."

"இங்க யாருமே இல்லங்க."

"தெரியுது. என்ன பண்ணச் சொல்ற?"

சாயங்காலம் ஒழுகும் குழாயைச் சரிசெய்தான். ஃபேனைக் கழற்றித் துடைத்தான். வெள்ளி விடிந்தது. "அப்ப லேபுக்காவது போயிட்டு வரலாமா? இன்னிக்குத் திறந்திருக்கும்" என்றாள். அவன் முகம் வெளிறியதைப் பார்த்து அதையும் விழுங்கிக்கொண்டாள். அவனை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

அவன் மாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது.

"அம்மா, நான் கன்ட்ரோல் பேசறேன். உன் வீட்டுக்காரன் இப்பதான் எனக்குப் போன் பண்ணினான். இன்னிக்கே டியூட்டி போடுங்கண்ணேன்னு கெஞ்சறான். அவசரமா கூப்பிடற மாதிரி நானே கூப்பிடணுமாம். என்னம்மா இது? இல்லன்னு சொல்லிடட்டுமா? நீ சொல்றதுதான்."

மாடியில் அவன் துணியை உதறும் சத்தம் கேட்டது. இருக்கச் சொல்லலாம். இருப்பான். இன்னொரு மத்தியானமும் கட்டில் ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"போட்டுடுங்கண்ணே" என்றாள். "ஒரு அரைமணி நேரம் கழிச்சுக் கூப்பிடுங்க. சாப்பிட்டுடட்டும்."

அவனுக்குப் பரிமாறினாள். இரண்டாம் முறை சோறு வைத்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. எச்சில் கையோடு எடுத்தான்.

"என்னண்ணே... இன்னிக்கேவா? லீவுன்னு சொன்னீங்களே... சரி, வேற வழி?"

நடிக்கத் தெரியாத மனுஷன். குரல் தேவைக்கு மேல் ஏறியது. போனை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல், "பாரேன், நிம்மதியா சாப்பிடக்கூட விடமாட்டாங்க" என்றான்.

"ஆமாங்க" என்று சொல்லிக் குழம்பை ஊற்றினாள்.