பற்றவைத்தவள்

எனக்குப் பத்து வயதிலேயே போலீஸ் மூளை. குழம்பில் உப்பு கூடினால்கூட யார் வேலை என்று விசாரிப்பேன். அதனால், நானே பாகங்களைப் பொருத்திச் செய்த பாட்டுப் பெட்டியின் வயர் மூன்றாவது முறை விட்டுப்போனபோது, இது தானாக நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்பா வாங்கித் தந்த கிட் அது. ஒரு போர்டு, பேட்டரி, உள்ளங்கை அளவு ஸ்பீக்கர், மெமரி கார்டு செருக ஓர் இடுக்கு. படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் நானே பொருத்தினேன். வயரைப் பற்றவைப்பது மட்டும் பெரியவர்கள் வேலை என்பதால், எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, என்னை ராயப்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்கு அழைத்துப்போனாள். கடை அண்ணன் பற்றவைத்தார். பெட்டி பாடியது. வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அது பாடவில்லை. லூஸ் கனெக்‌ஷன் என்று சொல்லி மறுபடி பற்றவைத்தார் அண்ணன். நான்கு நாள் பாடும், ஐந்தாம் நாள் ஊமையாகும். வகுப்பில் எனக்குப் 'பீலா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அழுகையாக வந்தது.

முதல் சந்தேகம் கடை அண்ணன்மேல்தான். வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்கிறாரோ? ஆனால் அவர் காசே வாங்குவதில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, எனக்கு ரோஸ்மில்க்கும் அத்தைக்கு டீயும் வேறு வாங்கித் தருவார். கைக்காசைப் போட்டு யாராவது மோசடி செய்வார்களா? அடுத்து அத்தைமேல் கண் போனது. பெட்டி கெட்டால் நான் அழுவேன். அவளோ மளமளவென்று தலை வாரிப் பூ வைத்துக்கொள்வாள். இது என்ன நியாயம்?

பக்கத்து வீட்டு அக்காவிடம் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி, பற்றவைத்த இடத்தில் பூசி வைத்தேன். மூன்றாம் நாள் வயர் விட்டிருந்தது. அத்தையின் நகவெட்டியைத் தேடி எடுத்தேன். நுனியில் சிவப்புத் தூள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் நகவெட்டியை வைத்து வழக்கை அவிழ்த்தேன். அத்தை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்பாவும் அவளைத் திட்டவில்லை. எனக்குப் பெருத்த ஏமாற்றம். என்னைத்தான் கேட்டார்.

"அந்தக் கடையில யாரு கீறாங்க?"

பெரியவர்கள் என்னைச் சாட்சியாக மதித்தது அதுதான் முதல் தடவை. ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸ்டூல், டீ, அவர் அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது, அத்தைக்குப் பிடித்த பாட்டாகவே ஏற்றித் தந்தது. அம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் அப்பா பெட்டியைத் திருவான்மியூரில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்து வந்தார். அப்புறம் வயர் ஒருநாளும் விடவில்லை. வகுப்பிலும் பாடவைத்துக் காட்டினேன். பீலா என்ற பெயர் ஒழிந்தது. அத்தையை மட்டும் அதன்பின் வெளியே, அவள் போய்வந்த வேலைக்குக்கூட, அனுப்பவில்லை. அடுத்த மாதமே மதுரையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் தேதி குறித்துக்கொண்டு போனதும், பட்டுப் புடவையோடு உட்கார்ந்திருந்த அத்தையிடம் சமாதானமாகப் பெட்டியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நல்லா பத்தவெச்சிட்டடி."

பாராட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அடுத்தவர் வேலைக்கு நான் பெயர் வாங்குவது சரியில்லை.

"நான் இல்ல அத்தை," என்றேன். "திருவான்மியூர் மாமாதான் பத்தவெச்சாரு."